தமிழ் வேண்டுமா என்று கேட்காத பக்கம்

கணினிக்கான மென்பொருள் ஒன்றைப் பல தேசத்து நிபுணர்கள் வருஷக்கணக்கில் பாடுபட்டு எழுதி, விலையின்றி எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்து, மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் ஓய்வு நேரத்தையெல்லாம் செலவிட்டு அதன் பல்லாயிரம் சொற்றொடர்களைத் தத்தம் தாய்மொழியில் ஆக்கிவைத்த பிறகும், அந்த உழைப்பு ஒரு சாமானிய மனிதரின் மேஜைக்கு வந்து சேருமா சேராதா என்பதை நிர்ணயிப்பது கடைசியில் ஓர் இணையப் பக்கந்தான். பதிவிறக்கப் பக்கம் என்று அதற்குப் பெயர். மென்பொருள்களின் குணதோஷங்களை ஆராய்ந்து எழுதுகிறவர்கள் பலர் உண்டு. இந்தப் பக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்களைக் காண்பது அபூர்வம். 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பயர்பாக்ஸ் உலாவியின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, 24 மணி நேரத்துக்குள் அது 80,02,530 தடவை பதிவிறக்கப்பட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. அவ்வளவு பெரிய ஜனத்திரள் கடந்து செல்லக்கூடிய ஒரு பக்கத்தை எப்படி அமைப்பது என்பதைப் பொறியாளர்களின் சொந்த விவகாரமாக விட்டுவிடுவது சரியன்று என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் தமிழ் போன்ற மொழிகளின் கணினி வாழ்வு பெரும்பாலும் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஓப்பன் ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டால் விஷயம் விளங்கும். ஜெர்மனியில் ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனி தயாரித்த மென்பொருளை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டிலேயே அதன் மூல நிரலை உலகுக்குத் திறந்துவைத்தது. 2002இல் ஓப்பன் ஆபீஸின் முதற்பதிப்பு வெளியாயிற்று. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் பணம் கொடுத்து மென்பொருள் வாங்க இயலாத பள்ளிக்கூடங்களுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் அது பெரியதோர் அநுகூலம். ஆயினும் அதைப் பெற வந்தவர் முன்னே நின்ற கேள்விகளோ பல. விண்டோஸா, மேக்கா, லினக்ஸா. லினக்ஸ் எனில் டெப் வகையா, ஆர்.பி.எம். வகையா; 32 பிட்டா, 64 பிட்டா; ஜாவாவுடன் சேர்ந்ததா, சேராததா; முழு மென்பொருளா, மொழிப் பொதி மட்டுமா; இவற்றோடு, எந்த மொழி? ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனிக் கோப்பு என்பதே அக்காலத்துச் சம்பிரதாயமாகையால், 50 மொழிகளும் 6 இயங்குதளங்களும் என்று வைத்துக்கொண்டாலே 300 கோப்புகள் ஆகிவிடுகின்றன. அவற்றையெல்லாம் நீண்ட அட்டவணையாகப் போட்டுவிட்டு, உரியதை வருகிறவரே தேடிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவது பக்கத்தை அமைப்பவருக்கு எளிது. தேடுகிறவரோ மொழிப் பொதியையே மென்பொருள் என்று நினைத்து இறக்கி, அது தானாக ஓடாததைக் கண்டு, கோளாறு தம் கணினியில்தான் என்று முடிவு கட்டிப் போய்விடக்கூடும்.

இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவை உபயோகிப்பவரைப் பற்றியவை அல்ல. தயாரித்தவர்களின் வரலாற்றிலிருந்து வந்தவை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் பக்கத்தில் இன்றைக்கும் சாதாரண 64 பிட் கணினிக்குரிய கோப்பு 'ஏ.எம்.டி.64' என்ற பெயரில்தான் இருக்கிறது. அந்த 64 பிட் அமைப்பை முதலில் வகுத்து 2003இல் சந்தைக்குக் கொண்டுவந்தது ஏ.எம்.டி. கம்பெனி, பிற்பாடு இன்டெல்லும் அதையே மேற்கொண்டது. ஆகவே பெயர் நியாயமானதுதான். ஆனால் இன்டெல் முத்திரை ஒட்டிய கணினியை வைத்திருக்கும் ஒருவர் 'இது எனக்குரியதன்று' என்று அதைத் தள்ளிவிட்டுச் செல்வாரானால், அவரை அறிவீனர் என்று சொல்ல எவருக்கும் பாத்தியதை இல்லை. முன்னோடிக்கு நன்றி பாராட்டுவது நல்ல குணமே. அந்த நன்றிக்கடனை வருகிறவரின் குழப்பத்தைக் கொண்டு தீர்ப்பதுதான் கூடாது. 'இன்டெல் அல்லது ஏ.எம்.டி. கணினி, 64 பிட். 2010க்குப் பின் வாங்கியதானால் பெரும்பாலும் இதுவே' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டும்?

கேள்விகளைக் குறைப்பதற்கென்று பொறியாளர்கள் கண்ட உபாயம் அநுமானம். உலாவி ஒவ்வொன்றும் ஒரு தளத்தை அணுகும்போது தான் இன்ன உலாவி, ஓடுவது இன்ன இயங்குதளத்தில் என்ற அறிமுக வரி ஒன்றையும், தன்னை உபயோகிப்பவர் விரும்பும் மொழிகள் இன்னின்ன என்ற மற்றொரு வரியையும் சேர்த்தே அனுப்புகிறது. 1990களிலேயே இணைய நெறிமுறையில் இதற்கு இடம் ஏற்பட்டுவிட்டது. அந்த வரிகளைப் படித்து, பொருத்தமான கோப்பைத் தாமே தேர்ந்து, ஒரே ஒரு பெரிய பொத்தானை முன்னே நிறுத்துவது இன்றைய வழக்கம். வி.எல்.சி. என்னும் வீடியோ மென்பொருளின் பக்கம் இதற்கு நல்ல முன்மாதிரி: அநுமானித்த கோப்புக்கு ஒரு பெரிய பொத்தான், அதன் ஓரத்திலேயே மற்ற இயங்குதளங்களின் பட்டியலைத் திறக்கும் சிறு அம்புக்குறி. பத்தில் ஒன்பது பேர் பெரிய பொத்தானை அழுத்திவிட்டுப் போகலாம். பத்தாமவருக்கும் வழி அடைபடவில்லை.

பத்தாமவரை நான் இங்கே வற்புறுத்துவதற்குக் காரணம், அநுமானங்கள் நாளுக்கு நாள் பலவீனமாகி வருவதுதான். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் உலாவி அனுப்பும் அறிமுக வரியில் வேறுபாடு இல்லை. ஆப்பிள் கம்பெனி 2020இல் தன் சொந்தச் சில்லுகளுக்கு மாறிய பின்னரும், மேக் கணினிகளின் உலாவிகள் தங்களை 'இன்டெல் மேக்' என்றே சொல்லிக்கொள்கின்றன. ஐபேடோ 2019 முதற்கொண்டு தன்னை ஒரு மேக் கணினியாகவே காட்டிக்கொள்கிறது. இவையாவது யந்திரம் சொல்லும் பொய்கள். யந்திரம் மெய்யே சொன்னாலும் அநுமானம் பிழைக்கும் சந்தர்ப்பம் ஒன்று நம் ஊர்களில் மிகச் சாதாரணம்: வீட்டில் இணையம் இல்லாதவர், அல்லது இருந்தும் வேகம் போதாதவர், பிரவுசிங் சென்டரிலோ அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ உட்கார்ந்து, கோப்பைப் பென் டிரைவில் ஏற்றி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார். பக்கத்துக்கு வந்திருக்கும் கணினி வேறு, மென்பொருள் போய்ச் சேர வேண்டிய கணினி வேறு. வந்த கணினியைப் பார்த்துத் தீர்மானிக்கிற பக்கம் இவருக்கு எதைக் கொடுத்தாலும் தற்செயலாகப் பொருந்தினால்தான் உண்டு. பயர்பாக்ஸின் பெரிய பொத்தான் விண்டோஸ்காரருக்குத் தருவது ஒரு சிறு முன்னோடிக் கோப்பு. மிச்சத்தை நிறுவும் சமயத்தில் இணையத்திலிருந்து அது இழுத்துக்கொள்ளும். இணைய வசதியுள்ளவருக்கு இது சௌகரியம். பென் டிரைவில் கொண்டுபோனவருக்கு வீட்டில் போய் ஏமாற்றம். முழுக் கோப்பு அந்தத் தளத்தில் இல்லாமற் போகவில்லை. எல்லா மொழிகளையும் எல்லா இயங்குதளங்களையும் காட்டும் வேறொரு பக்கத்தில் இருக்கிறது. அப்படியொரு பக்கம் உண்டு என்று அறிந்தவர்தான் அங்கே போய்ச் சேர்வார்.

மொழி விஷயத்துக்கு வரும்போது இந்தச் சங்கடம் பன்மடங்காகிறது. இங்கே மூன்று மொழிகள் சம்பந்தப்படுகின்றன. வருகிறவரின் கணினி எந்த மொழியில் அமைக்கப்பட்டிருக்கிறது என்பது ஒன்று. பதிவிறக்கப் பக்கத்தை அவர் எந்த மொழியில் வாசிக்க விரும்புகிறார் என்பது மற்றொன்று. மென்பொருளை எந்த மொழியில் உபயோகிக்க விரும்புகிறார் என்பது மூன்றாவது. பாரிஸ் நகரத்தில் பிரெஞ்சு விண்டோஸ் வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரருக்கு இம்மூன்றும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன; அவரை மனத்தில் வைத்துத்தான் இந்த ஏற்பாடு முழுவதும் வகுக்கப்பட்டது போலும். தமிழ்நாட்டிலோ கடையில் வாங்கும் கணினி ஆங்கிலத்தில் அமைந்தே கைக்கு வருகிறது. அதை மாற்றலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தவர்களும் மாற்றுவதில்லை. ஆகவே, மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் தமிழிலேயே கணக்கெழுதிப் பழகிய ஒருவர் பதிவிறக்கப் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், 'இவர் ஆங்கிலம் விரும்புகிறவர்' என்று அவருடைய உலாவி அவரைக் கேளாமலே சாட்சி சொல்லிவிடுகிறது. பக்கமும் ஆங்கிலத்தில் வருகிறது. கோப்பும் ஆங்கிலத்துக்குரியதாக வருகிறது. தமிழில் ஒன்று உண்டு என்பதே அவர் காதில் விழுவதில்லை. இதற்கு மாறான நிலைமையும் உண்டு: பக்கத்தைத் தமிழில் வாசிக்க விரும்புகிற ஆசிரியை ஒருவர், தம் மாணவர் வைத்திருக்கும் பாடப்புத்தகத்தில் பட்டியல் பெயர்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் மென்பொருளை ஆங்கிலத்திலேயே கேட்கக்கூடும். பக்கத்தின் மொழியை மாற்றினால் மென்பொருளின் மொழியும் கூடவே மாறிவிடுகிற பக்கங்களில் அவருக்கும் இடமில்லை. ஆகவே மொழியைக் கேட்கும் இடங்கள் இரண்டாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கவும் வேண்டும்.

மொழிப் பட்டியலை எப்படி எழுதுவது என்பதிலும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியிலேயே, அந்தந்த லிபியிலேயே இருக்க வேண்டும். தவறுதலாக ஜப்பானிய மொழிப் பக்கத்துக்குள் சென்றுவிட்ட தமிழர், ஜப்பானிய எழுத்தில் தமிழின் பெயர் எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? தேசக்கொடிகளை மொழிக்கு அடையாளமாக வைக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. தமிழுக்கு எந்தக் கொடியை வைப்பது? இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்று தமிழுக்கு ஆட்சியுரிமை உள்ள நாடுகள் மட்டுமே மூன்று. இந்தியக் கொடியையோ இருபதுக்கு மேற்பட்ட மொழிகள் பங்கு கேட்கும். நம் ரூபாய் நோட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், 15 மொழிகளில் தொகை ஒன்றன்கீழ் ஒன்றாக அந்தந்த லிபியில் அச்சாகியிருப்பதைக் காணலாம். எழுதப் படிக்கச் சிறிதே அறிந்தவரும் தம் வரியைக் கண நேரத்தில் கண்டுகொள்கிறார். எந்த வடிவமைப்புக் கலைஞரும் இதைவிடத் தெளிவான மொழிப் பட்டியலை இன்னும் செய்துவிடவில்லை என்றே நினைக்கிறேன். நோட்டில் இல்லாத தேவை ஒன்று பக்கத்துக்கு உண்டு: விசைப்பலகையில் ரோமன் எழுத்து மட்டுமே உள்ளவர் ஆங்கில எழுத்தில் தட்டினாலும் தமிழ் என்ற வரி வந்து நிற்க வேண்டும். பிரேசிலின் போர்த்துகீசியம், போர்த்துகலின் போர்த்துகீசியம் என்று பிரித்துச் சொல்வது அவசியம். சீனத்தில் இருவகை எழுத்துகளைப் பிரிப்பதும் அப்படியே. தமிழுக்கு நாட்டின் பெயரை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது பெரும்பாலும் அநாவசியம். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவரை அது வீணாகத் தயங்க வைக்கும்.

மொழிகளையெல்லாம் ஒரே கோப்பில் அடைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீருமல்லவா என்ற யோசனை நியாயமானது. சன் கம்பெனியை 2010இல் ஆரக்கிள் கையகப்படுத்திய பிறகு, ஓப்பன் ஆபீஸில் உழைத்தவர்களில் பலர் பிரிந்து டாக்குமென்ட் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தை நிறுவி, லிப்ரே ஆபீஸ் என்ற பெயரில் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். பழைய ஓப்பன் ஆபீஸ் 2011இல் அப்பாச்சி அறக்கட்டளையிடம் சென்றது. லிப்ரே ஆபீஸ்காரர்கள் விண்டோஸுக்கு எல்லா மொழிகளும் அடங்கிய ஒரே கோப்பைத் தருகிறார்கள். கோப்பு பெரிதாகிவிட்டது, ஆனால் பக்கத்தில் ஒரு கேள்வி குறைந்தது. மேக், லினக்ஸ் இரண்டுக்கும் மொழிப் பொதி தனியே என்ற பழைய முறை இன்னும் நீடிக்கிறது. மிகக் குறைவாகக் கேள்வி கேட்கும் பக்கமே சிறந்த பக்கம் என்ற கொள்கையுடைய நான் இந்த மாற்றத்தை மனமார வரவேற்றேன். வரவேற்ற பிறகுதான் அதிலுள்ள நுட்பம் தெரிந்தது. அந்த ஒரே கோப்பைச் சாதாரண முறையில் நிறுவினால், அது விண்டோஸின் மொழி அமைப்பைப் பார்த்து, அதற்கு ஏற்ற மொழிகளை மட்டுமே கணினியில் பதிக்கிறது. தமிழ் வேண்டுமானால் 'கஸ்டம்' என்ற வழியில் நுழைந்து, நீண்ட பட்டியலைத் திறந்து, தமிழை நாமே குறிக்க வேண்டும். பக்கத்தில் நின்ற அதே அநுமானம் இப்போது கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மதுரைக்காரரின் கணினிக்குத் தமிழ் வந்தும், அவர் கண்ணில் படாமல் நிற்கிறது. பயர்பாக்ஸ் மேற்கொண்ட வழி இதைவிட மேலானது: நிறுவி முடித்த பின்னர் அமைப்புகளுக்குள் சென்று எப்போது வேண்டுமானாலும் வேறு மொழியைச் சேர்த்துக்கொள்ளலாம். முதல் நாள் எடுத்த தீர்மானம் ஆயுள் பரியந்தம் கட்டுப்படுத்தாது.

நம்பிக்கை என்ற விஷயத்தையும் மொழியோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இலவச மென்பொருள் தேடி வருகிறவரை மயக்குவதற்கென்றே, 'டவுன்லோடு' என்று பெரிய எழுத்தில் பொறித்த பச்சைப் பொத்தான்கள் விளம்பர வடிவில் உலவுகின்றன. அத்தகைய ஏமாற்றுப் பொத்தான்களுள்ள பக்கங்களைக் குறித்து எச்சரிக்கப்போவதாக 2016 பிப்ரவரியில் கூகுள் அறிவிக்க வேண்டிவந்தது. திறந்த மூல மென்பொருள்களின் பண்டகசாலையாக விளங்கிய சோர்ஸ்போர்ஜ் தளமே 2013இல் கோப்புகளோடு வேறு மென்பொருள்களைச் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கி, ஜிம்ப் போன்ற திட்டங்கள் வெறுத்து வெளியேறும் நிலையை உண்டாக்கிற்று. 2016இல் தளம் கைமாறிய பிறகே அந்த ஏற்பாடு நின்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்த விஷமிகள், பதிவிறக்க இணைப்பையே மாற்றி, நஞ்சு கலந்த கோப்புக்கு அதைத் திருப்பிவிட்டார்கள். கோப்பு மெய்யானதா என்று சரிபார்க்கும் நீண்ட எண்ணெழுத்துக் கோவைகளும் மின் கையொப்பங்களும் இதற்காகவே உள்ளன. அவை இருக்க வேண்டும். ஆனால் முதல் பார்வையில் கண்ணைக் குத்தும்படி இருக்கக் கூடாது, தேடுகிறவருக்குக் கிடைக்கும் இடத்தில் ஒதுங்கி இருந்தால் போதும். சாமானியருக்கு அவற்றைவிட முக்கியமானது, 'நீங்கள் வந்திருப்பது தயாரிப்பாளரின் சொந்தத் தளந்தான். கோப்பின் பெயர் இது. அளவு இத்தனை மெகாபைட். திறக்கும்போது விண்டோஸ் இப்படி ஒரு கேள்வி கேட்கும்' என்று அவருக்குப் புரிகிற மொழியில் நாலு வரி. ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்தான் போலிப் பொத்தானுக்கு முதலில் இரையாகிறார். எச்சரிக்கை வாசகங்களும் அநேகமாக ஆங்கிலத்திலேயே நிற்கின்றன.

பொத்தானின் அகலத்தை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லைப் பாதியில் வெட்டுவது, தமிழெழுத்தின் மேற்சுழியும் கீழ்க்காலும் மறையும்படி வரி உயரத்தைச் சுருக்குவது, கைபேசியில் வந்தவருக்கு விண்டோஸ் கோப்பை நீட்டுவது, பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவருக்கு 'உங்களுக்கு இல்லை' என்று மட்டும் சொல்லி எந்தப் பதிப்பு வரை ஓடும் என்று சொல்லாமல் விடுவது ஆகிய சில்லறைக் குற்றங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பக்கம் போதாது.

2005ஆம் ஆண்டில் மத்திய அரசு, சி-டாக் ஸ்தாபனத்தின் மூலம், தமிழ் எழுத்துருக்களும் தமிழில் இயங்கும் அலுவலக மென்பொருளும் உலாவியும் அடங்கிய குறுந்தகட்டை இலவசமாக வெளியிட்டது. அந்தத் தகட்டைக் கையில் வாங்கியவருக்கு எந்த மொழி என்ற கேள்வியே எழவில்லை. தமிழ் என்று தெரிந்துதான் வாங்கினார். தகடுகள் வழக்கொழிந்து, உலகமுழுவதும் ஒரே பக்கத்தின் வழியாக மென்பொருளைப் பெறும் காலம் வந்தபோது, அந்தத் தெளிவு காணாமற் போயிற்று. அதன் விளைவாக ஒரு விபரீதமான தர்க்கமும் பிறந்திருக்கிறது. ஆங்கிலக் கணினியைப் பார்த்து ஆங்கிலக் கோப்பைக் கொடுக்கிறோம். வருஷ முடிவில் எந்த மொழிக்கோப்பு எத்தனை தடவை போயிற்று என்று எண்ணுகிறோம். தமிழின் எண்ணிக்கை சிறிதாயிருக்கிறது. தமிழில் கேட்பாரில்லை என்று முடிவுக்கு வருகிறோம். கேட்பாரில்லாததற்கு ஏன் உழைக்க வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளரும் சோர்ந்து விலகுகிறார். மொழிபெயர்ப்பு பின்தங்கிப் போகிறது. பின்தங்கியதை எடுத்து உபயோகித்த சிலரும் பாதி ஆங்கிலம் பாதி தமிழாய் இருப்பது கண்டு ஆங்கிலத்துக்கே திரும்புகிறார்கள். யாரும் கேட்காதபடி ஏற்பாடு செய்துவிட்டு, கேட்டவர்களை எண்ணிப் பார்ப்பது என்ன கணக்கு?

இதற்குப் பரிகாரம் அரிதன்று. வேண்டிய கருவி ஏற்கெனவே பக்கத்தை அமைப்பவர்கள் கையில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் போன்ற பெரிய மென்பொருள்களின் கோப்புகள் உலகெங்குமுள்ள பல்கலைக்கழகங்களும் பிற ஸ்தாபனங்களும் மனமுவந்து நடத்தும் பிரதித் தளங்களில் வைக்கப்பட்டிருக்கின்றன. நாம் பொத்தானை அழுத்தியதும், நம் இணைய முகவரியைக் கொண்டு நாம் எந்த நாட்டிலிருந்து வருகிறோம் என்று ஊகித்து, அருகிலுள்ள தளத்துக்கு நம்மைத் திருப்பிவிடுகிறார்கள். கோப்பு விரைவாக வந்து சேர வேண்டும் என்பதற்காக நம் இடத்தை விசாரிக்கிறவர்கள், அதே விவரத்தைக் கொண்டு, பொத்தானுக்குக் கீழே ஒரே ஒரு வரியில், அந்த நாட்டில் வழங்கும் மொழிகளில் இந்த மென்பொருள் எவையெவற்றில் கிடைக்கும் என்பதை அந்தந்த லிபியில் காட்டலாம். இடத்தைக் கொண்டு மொழியைத் தீர்மானிப்பது பிழை என்ற ஆட்சேபம் எழும். சென்னையிலேயே தெலுங்கும் உருதும் இந்தியும் வீட்டுமொழியாக உடையவர்கள் ஏராளம் என்பது எனக்கும் தெரியும். ஆகையினால்தான் தீர்மானிக்க வேண்டாம், காட்டினால் போதும் என்கிறேன். ஆங்கிலத்துக்குரிய பெரிய பொத்தான் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்த வரியை ஆறு மாத காலம் காட்டிப் பார்த்து, அதற்கு முந்திய ஆறு மாதத்தின் தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்குப் பிறகும் தமிழைத் தொடுகிறவர்கள் சொற்பமே என்று தெரியவந்தால் அந்தத் தொகையை நான் ஒப்புக்கொள்ளத் தயார். அதற்கு முன் சொல்லப்படுகிற எந்தத் தொகையையும் ஒப்புக்கொள்வதற்கில்லை.